கண்ணைக் காட்டும்போது உடம்பையும் சொல்லுங்கள்

(கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



வீட்டில் அரிக்கேன் விளக்கு மங்குகிறது என்று வையுங்கள். என்ன செய்வோம்? முதலில் திரியைத் தூண்டுவோம். பிறகு கண்ணாடியைத் துடைப்போம். அப்போதும் மங்கலாகவே எரிந்தால்? விளக்கை ஆட்டிப் பார்ப்போம். எண்ணெய் இருக்கிறதா, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதா என்று பார்ப்போம்.

கண்ணும் ஒரு விளக்குதான். உடம்புதான் அதற்கு எண்ணெய். ஆனால் கண் மங்கினால் மட்டும் நாம் திரியையே தூண்டிக்கொண்டிருக்கிறோம். சொட்டு மருந்து விடுகிறோம், கண்ணாடி மாற்றுகிறோம், சிலர் பச்சிலைச் சாறும் பிழிகிறோம். அந்தக் கண் கெட்டதற்குக் காரணம் இரத்தத்தில் இருக்கலாம், சாப்பாட்டில் இருக்கலாம், தாயின் வயிற்றில் இருந்த நாளிலேயே இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கண்ணைக் காட்டப் போனால் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள். உடம்பைக் காட்டப் போனால் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். இதைக் கவனிக்காமல் போனதால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலேயே சொல்கிறேன்.

நான் கேட்கத் தவறியது

1990-களின் தொடக்கம். எனக்கு இருபத்திச் சொச்சம் வயது. கிராமச் செவிலியராக இந்தக் கடலோரத்தில் ஓர் ஊரில் வேலை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்குத் தலைச்சன் கர்ப்பம், இரண்டாவது மாதம். அவள் சொன்னாள்:

“நர்சம்மா, போன வாரம் மூணு நாளா மேலெல்லாம் பொரிப்பொரியா இருந்துச்சு. லேசாக் காய்ச்சல். காதுக்குப் பின்னால நெறி கட்டுச்சு. இப்பச் சரியாப் போச்சு.”

“வெக்கைக்கு வந்திருக்கும் தாயி, மோர் குடி” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பதிவேட்டில் அவள் பெயர் எழுதினேன், வயது எழுதினேன், கணவர் பெயர் எழுதினேன். அவள் சொன்ன அந்தப் பொரியை எழுதவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் மெலிந்த குழந்தை. கண்மணியில் வெள்ளை இருந்ததை யாரும் பார்க்கவில்லை. “பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டேங்குதே” என்று தாய்க்குச் சந்தேகம் வந்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அதற்கு எட்டு மாதம். இரண்டு கண்ணிலும் புரை. கிழவர்களுக்கு வரும் கண்புரை பச்சைக் குழந்தைக்கு! அங்கே மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “கர்ப்பத்தில் மேலில் பொரி வந்ததாம்மா?” என்பதுதான். அவள் சொன்ன பதில்: “வந்துச்சுங்க, நர்சம்மாகிட்டச் சொன்னேனே.”

அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் குழந்தை பார்க்கப் பழக வேண்டிய மாதங்கள் கழிந்துவிட்டன. கண் வழியே வருவதை மூளை படித்துக்கொள்வது பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடும். பிறவிப் புரையை முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுத்தால்தான் பார்வை நன்றாக அமைய வாய்ப்பு. அதற்கு மேல் தாமதித்தால், கண்ணைச் சரி செய்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது கடினம். அந்தப் பிள்ளைக்குக் காதும் கேட்கவில்லை. இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டான். கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு, வலைக் கண்ணை விரலால் தடவித் தடவிப் பின்னுகிறான். என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

நான் அன்று எழுதியிருந்தால் நோய் வராமல் போயிருக்குமா? இல்லை. வந்த கிருமியை விரட்ட அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. ஆனால் பிறந்த அன்றே அந்தக் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்திருப்பார்கள். எட்டு மாதம் வீணாகியிருக்காது.

தாய்மார் சொன்னதைக் கேட்ட மருத்துவர்

அந்தப் பொரிக்குப் பெயர் ருபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்தால் இரண்டு மூன்று நாளில் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும்.

இதை உலகத்துக்குச் சொன்னவர் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்காரர். அவரிடம் புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தன. ஏன் இத்தனை பேர் என்று யோசித்துத் தாய்மார்களை விசாரித்தார். 1941-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கையில் 78 குழந்தைகளைப் பற்றிய விவரம் இருந்தது. அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே வந்தது.

கவனியுங்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் உதவவில்லை. தாய்மார் சொன்னார்கள், மருத்துவர் காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான்.

இன்று இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் இன்னொன்று என இரண்டு தவணை இலவசமாகப் போடுகிறார்கள். இரண்டையும் தவறாமல் போடுங்கள். ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நோயை வீட்டுக்குள் கொண்டுவருவது ஆணாகவும் இருக்கலாம்.

புதிதாகக் கல்யாணமான பெண்கள், சிறு வயதில் இந்த ஊசி போட்டோமா என்று தெரியாவிட்டால் கர்ப்பமாகும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி போடக்கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பமான பிறகு மேலில் பொரி வந்தால், அது வெக்கையா வேறா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். செவிலியர் “வெக்கை” என்று சொன்னாலும், “எதுக்கும் எழுதிக்கோங்கம்மா” என்று சொல்லுங்கள்.

முப்பதாம் நாள்

அடுத்தது, குறைமாதத்தில் பிறந்த குழந்தை.

கண்ணுக்குப் பின்னால் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரம் வரை வளர்ந்து சேர, பத்து மாதமும் வேண்டும். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. பிறகு தாறுமாறாக வளர ஆரம்பிக்கும். அப்படி வளர்ந்தவை விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடும். அப்புறம் பார்வை திரும்பாது. வெளியே பார்த்தால் கண் அழகாக இருக்கும், சிவக்காது, நீர் வடியாது. தாய்க்கு எதுவும் தெரியாது.

ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், பிறந்தபோது இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பிறந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்கச் சொல்வார்கள். பழுது இருந்தால் லேசர் சிகிச்சை உண்டு. ஆனால் அதற்கு ஓரிரு நாள்தான் அவகாசம். மதுரைக்குப் போகச் சொன்னால் அன்றே கிளம்ப வேண்டும்.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. பிள்ளை பெற்றவளை முப்பது நாள், நாற்பது நாள் வாசல் தாண்ட விடமாட்டோம். தீட்டு என்பார்கள், காற்றுப் படும் என்பார்கள், கண்ணேறு படும் என்பார்கள். “எடை கூடட்டும், அப்புறம் தூக்கிட்டுப் போவோம்” என்று பாட்டி சொல்வார். அவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் நாற்பதாம் நாள் போனால் காலம் கடந்திருக்கும். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தாய் வர முடியாவிட்டால், தகப்பனும் பாட்டியும் துணியில் நன்றாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போகலாம். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போனால் போதும். தகப்பன்மாரே, அந்த ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருங்கள்.

குறைப் பிரசவம் ஆகாமல் பார்த்துக்கொள்வதிலும் உங்கள் கை இருக்கிறது. பெண்ணுக்குப் பதினெட்டு முடியும் முன் கல்யாணம் வேண்டாம். முதல் பிள்ளைக்கு அவசரம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் மூன்று வருட இடைவெளி விடுங்கள். தாயின் உடம்பு தேறும் முன் அடுத்தடுத்துச் சுமந்தால் எடை குறைந்தும், நாள் குறைந்தும் பிள்ளை பிறக்க வழியாகும். இடைவெளிக்கு என்ன முறை உங்களுக்கு ஒத்துவரும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவரும் சேர்ந்தே வந்து கேளுங்கள்.

மாலைக்கண்: சோற்றுத் தட்டில் இருக்கும் மருந்து

குழந்தை நடக்கும் வயது வந்துவிட்டது. பகலில் ஓடி விளையாடுகிறது. பொழுது சாய்ந்ததும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே இருக்கும் செம்பில் இடித்துக்கொள்கிறது. இது பிடிவாதம் அல்ல, மாலைக்கண். வைட்டமின் ஏ குறைவினால் வருவது. இன்னும் கவனிக்காவிட்டால் வெள்ளைவிழி வறண்டு, கரையில் அலை நுரை காய்ந்தது போல் ஒரு திட்டு படியும். அதற்கு மேல் கருவிழியே கரைந்துவிடும்.

மதுரையில் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாலிபத்தில் வந்த மூட்டுவாதத்தால் அவருக்குக் கைவிரல்கள் வளைந்துபோயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் சிகிச்சை செய்தவர் அவர். சத்துக்குறைவால் கண் பாதித்த குழந்தைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது என்று கண்டு, தாயும் பிள்ளையும் வந்து சத்தான சாப்பாட்டைச் சமைத்துப் பழகும் மையத்துக்கும் மதுரையில் வழி செய்தார்.

அதே அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் குழந்தை இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அதாவது, மாலைக்கண் என்பது கண்ணின் நோய் மட்டுமல்ல. அந்தக் குழந்தையின் உடம்பு முழுவதுமே காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தாங்கும் பலத்தை இழந்துவிட்டது என்று கண் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை அது.

ஆகவே 9-ஆம் மாதம் ஊசி போடும்போது முதல் வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பார்கள். பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒன்பது தவணை. முதல் தவணைக்கு வருபவர்கள் பிறகு மறந்துவிடுகிறார்கள். அங்கன்வாடியில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை, அதாவது நீங்கள் மணல்வாரி என்று சொல்வது, அது கண்ட குழந்தையை “அம்மன் விளையாடுறா” என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யை உறிஞ்சிவிடும். அப்போதுதான் கண் கெடும். மருத்துவர் அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார். வேப்பிலை கட்டுவது உங்கள் விருப்பம். அதோடு மருத்துவமனைக்கும் வாருங்கள்.

சாப்பாட்டுக்கு எங்கே போவது? நம் மண்ணில் தண்ணீர் இல்லாவிட்டாலும் முருங்கை நிற்கிறது. வாரத்தில் நாலு நாள் முருங்கைக்கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிப் பருப்போடு பிசைந்து கொடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் அந்தச் சத்து உடம்பில் சேராது. பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை, பனம்பழத்தின் மஞ்சள் சதை எல்லாம் நல்லது. கடலில் இருந்து வருவதை எல்லாம் வண்டியேற்றி அனுப்பிவிட்டு, நம் பிள்ளைக்கு வெறும் குழம்பை ஊற்றுகிறோம். மீனின் ஈரலில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது. கழுவி எறியாமல் குழம்பில் போடுங்கள். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். அதுதான் அதன் முதல் கண் மருந்து. ஆனால் பாலைக் கண்ணில் விடாதீர்கள், வாயில் கொடுங்கள்!

ஏழெட்டு மாதக் கர்ப்பிணிகளில் சிலருக்கும் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. “புள்ள பெத்தாச் சரியாப் போயிரும்” என்பார்கள். அதுவும் சத்துக்குறைவின் அடையாளம்தான். செவிலியரிடம் சொல்லுங்கள். கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்காதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும்.

கீரையால் தீராத மாலைக்கண்

ஒரு தம்பி கேட்டார்: “அம்மா, எங்க வீட்டுல கீரையும் மீனும் குறைவில்ல. ஆனா எனக்கு ராத்திரிக் கடலுக்குப் போனா வலை மிதப்பு தெரியல. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான். ஏன்?”

நல்ல கேள்வி. மாலைக்கண் இரண்டு வகை. இந்த இரண்டாவது வகை பரம்பரையாக வருவது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல் ஆகும். கீரையாலும் சொட்டாலும் இது தீராது. சிலருக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் இருந்து, பருவ வயதில் இதுவும் சேர்ந்து வரும். ஆகையால் காது கேட்காத பிள்ளைக்குக் கண்ணையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இது ஏன் வருகிறது? ஒவ்வொரு மனிதர் உடம்பிலும் ஏதோ ஒன்றிரண்டு குறையுள்ள விதைகள் ஒளிந்திருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் தொந்தரவு இல்லை. கணவன் மனைவி இருவரிடமும் அதே விதை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த நோய் வர வாய்ப்பு. மாமன், அக்காள் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டியின் விதை வந்திருக்க இடமுண்டு. அந்நியத்தில் கட்டினால் அப்படி ஒன்று கூடுவது அரிது.

சொந்தத்தில் கட்டிய நீங்கள் பயப்பட வேண்டாம். சொந்தத்தில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் பிறவிக் குருடோ, மாலைக்கண்ணோ, பிறவிச் செவிடோ இருந்தால், மறுபடி அதே வீட்டுக்குள் சம்பந்தம் பேசும் முன் மருத்துவரைக் கேளுங்கள். உறவு விட்டுப்போகும் என்று கவலைப்படுகிறீர்கள். விருந்துக்கும் நல்லது கெட்டதுக்கும் போய்வந்தாலே உறவு நிற்கும். அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: “கண்ணைக் காட்டிட்டு வாங்க. அதுவரை ராத்திரி சுக்கான் பிடிக்காதீங்க.” இது உயிர்க் காரியம்.

“இது அப்படித்தான் பிறந்தது” என்று விடாதீர்கள்

சில பிள்ளைகளுக்கு வளர்ச்சி மெதுவாக இருக்கும். பிறந்தவுடன் அழாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை, டவுன் நோய்க்குறியோடு பிறந்த குழந்தை. இவர்களில் பலருக்குக் கண்ணிலும் குறை இருக்கும். மாறுகண், கடுமையான கிட்டப்பார்வை, புரை எல்லாம் இவர்களுக்கு அதிகம். “அதுக்குப் புத்தி இல்ல, பார்க்க மாட்டேங்குது” என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு கண்ணாடி மாட்டினால் அது அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். பேசத் தெரியாத குழந்தைக்கும் கண்ணின் அளவு எடுக்க முடியும்.

பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளின் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர 2013 முதல் அரசுத் திட்டம் நடக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நாளில் பிள்ளையை மறைக்காதீர்கள், முன்னால் நிறுத்துங்கள்.

இன்னொன்று. கைபேசியில் வெளிச்சம் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் போல் மின்னினால் அழகு என்று நினைக்காதீர்கள். புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் போனால் உயிரையும் காப்பாற்றலாம், பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம்.

இனி உங்கள் கண்ணைப் பற்றி

பிள்ளைகளைப் பற்றியே பேசினேன். கணவன் மனைவியாகிய உங்கள் கண் என்ன ஆவது?

கர்ப்பிணிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் கண் முன்னால் மின்னல் போல் வெட்டினாலோ, பார்வை மங்கினாலோ, அதோடு தலைவலியும் முகவீக்கமும் இருந்தாலோ, அது கண் நோய் அல்ல. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அடுத்து வலிப்பு வரலாம். கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவமான பிறகும் சில வாரம் வரை இது வரலாம்.

அடுத்தது சர்க்கரை நோய். உப்புக்காற்று இரும்பைத் தின்பதை நம்மைவிட யார் அறிவார்? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்பரிப்பிலிருந்து காக்க ஓயாமல் பராமரித்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். சர்க்கரையும் விழித்திரையின் நுண்குழாய்களை இப்படித்தான் அரிக்கிறது, சத்தமில்லாமல், வலியில்லாமல். ஒரு வித்தியாசம்: பாலத்துக்குப் பதில் புதுப்பாலம் கட்டலாம். விழித்திரைக்குப் பதில் வேறு விழித்திரை கிடையாது.

“எனக்கு நல்லாத்தானே தெரியுது” என்று சொல்வீர்கள். நன்றாகத் தெரியும்போதே பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் என்று தெரிந்த அந்த வருடம் முதல், வருடத்துக்கு ஒரு முறை கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. முன்பே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே பார்க்க வேண்டும். கண்ணில் கறுப்பு நூல் மிதந்தாலோ, திரை விழுந்தது போல் இருந்தாலோ அன்றே போக வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வாங்கிப் பரணில் வைக்காமல் சாப்பிடுங்கள். ஆண்கள் அழுத்தம் பார்க்கச் சொன்னால் கூச்சப்படுகிறீர்கள். அரை நிமிட வேலை, வலிக்காது.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வை மங்கினாலோ, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் குழம்பினாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அது அந்த மருந்துகளில் ஒன்றின் விளைவாக இருக்கலாம். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், அவர் மாற்றித் தருவார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுவதையும் விட்டுவிடுங்கள். அவற்றில் சில கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, பார்வையையே பறித்துவிடும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

முடிக்கும் முன் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

குடும்பத்தில் யாருக்கு மாலைக்கண், பிறவிக் கண் குறை, காது குறை இருக்கிறது? நாம் சொந்தத்தில் கட்டினோமா? கர்ப்பத்தில் பொரியோ காய்ச்சலோ எந்த மாதம் வந்தது? குழந்தை எத்தனையாவது வாரத்தில், எத்தனை கிலோவில் பிறந்தது? என்னென்ன ஊசி, எத்தனை தவணை வைட்டமின் ஏ ஆயிற்று? நமக்குச் சர்க்கரை, அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம்?

இந்தத் தாளைத் தாய்-சேய் நல அட்டையோடு வையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையில் எடுத்துப் போங்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ கேட்க மறந்தாலும், நீங்கள் காட்ட மறக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு தாய் சொன்ன ஒரு வரியை நான் எழுதாமல் விட்டேன். இனி உங்களில் ஒருவர் சொல்வதும் எழுதப்படாமல் போகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.